விலை எப்படி வந்தது என்று சொல்லுங்கள்: இறைச்சி மாடு வாங்குவோருக்கும் இனச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இறைச்சி ஆலை உரிமையாளர்களுக்கும், மாட்டு ஏலக்கூட நிர்வாகத்தினருக்கும், இனப்பதிவுச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இறைச்சிக்காக மாடு வளர்ப்பவர் இன்று எந்தப் பொலிகாளையைத் தம் பசுக்களோடு விடுகிறாரோ, அதன் பலன் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்தே உங்கள் எடைமேடைக்கு வந்து சேர்கிறது. சினைக்காலம் ஒன்பது மாதத்துக்கும் மேல். கன்று பால்குடி மறக்க ஆறு முதல் எட்டு மாதம். அதன் பிறகு மேய்ச்சலிலோ கொட்டிலிலோ வளர்ந்து வெட்டுக்கு ஏற்ற எடையை எட்ட இன்னும் ஓர் ஆண்டு அல்லது அதற்கும் அதிகம். பிறந்தது கிடாரியாக இருந்து அதை மந்தையிலேயே வைத்துக்கொண்டால், அந்த ஒரு காளையின் குணம் பத்தாண்டு கடந்தும் அங்கே தங்கிவிடும். இவ்வளவு நீண்ட கணக்கில் வளர்ப்பவருக்குக் கிடைக்கும் ஒரே விடை, விற்கும் நாளில் நீங்கள் கொடுக்கும் விலைதான். அந்த விலை எதற்காகக் கூடியது, எதற்காகக் குறைந்தது என்பது அவருக்குத் தெரியாவிட்டால், அடுத்த காளையை அவர் ஊகத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இனத் தேர்வு என்பது வளர்ப்பவரின் பொறுப்பு, விலை என்பது சந்தையின் விளையாட்டு என்று இரண்டையும் தனித்தனியே பேசுவது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. இனங்களைப் பற்றி எழுதப்படும் வழிகாட்டிகள் உடல்வாகையும் வளர்ச்சி வேகத்தையும் விவரிக்கும். விற்பனையைப் பற்றிய வழிகாட்டிகள் எந்தப் பருவத்தில் விற்கலாம் என்று சொல்லும். இரண்டும் ஒரே முடிச்சின் இரு நுனிகள் என்பதையும், அந்த முடிச்சு பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

விலைக்கு இனங்களையே மாற்றிவிடும் ஆற்றல் உண்டு என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று இருக்கிறது. ஆங்கஸ் என்ற மாட்டினத்தின் பெயரில் அமெரிக்காவில் 1978-இல் தொடங்கப்பட்ட இறைச்சிச் சான்றுத் திட்டம், மாட்டின் தோல் பெரும்பகுதி கறுப்பாக இருக்க வேண்டும் என்பதை நுழைவு நிபந்தனையாக வைத்தது. உரித்த உடலில் பார்க்கப்படும் தசைக்குள் இழையோடும் கொழுப்பு, முதிர்ச்சி முதலிய வேறு நிபந்தனைகளும் அத்திட்டத்தில் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்; ஆனால் உயிரோடு நிற்கும் மாட்டைப் பார்த்து விலை சொல்பவரின் கண்ணில் முதலில் படுவது நிறம்தான். கறுப்பு மாட்டுக்குக் கூடுதல் விலை என்ற செய்தி பரவியது. அதன் விளைவாக, ஐரோப்பாவில் செவலையும் வெள்ளையும் கலந்த நிறத்துக்குப் பெயர்போன சிம்மென்டாலும், பொன் செம்மை நிறத்துக்குப் பெயர்போன லிமோசினும் அமெரிக்க மந்தைகளில் ஆங்கஸ் இரத்தம் கலந்து கறுப்பாக மாறின. விலை எதைக் கேட்டதோ அதை வளர்ப்போர் கொடுத்தார்கள். நிறத்தைக் கேட்டதால் நிறம் வந்தது. மென்மையையும், வெப்பம் தாங்கும் திறனையும், எளிதாக ஈனும் இயல்பையும் அதே தெளிவோடு கேட்டிருந்தால் அவையும் வந்திருக்கும் என்பதே என் துணிபு.

இதைச் சொல்லும்போது இனச் சங்கங்களின் பங்கையும் தவிர்க்க முடியாது. மாட்டினங்களுக்கான முதல் வம்சாவளிப் பதிவேடு, 1822-இல் ஷார்ட்ஹார்ன் இனத்துக்காக ஜார்ஜ் கோட்ஸ் வெளியிட்டது. பதிவேடு வந்ததால் ஒரு காளையின் தாய் தந்தையர் யார் என்று உறுதியாகத் தெரிந்தது; அது பெரும் பயன். ஆனால் வம்சத்தின் பெயரே விலையாகிவிடும் ஆபத்தும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், 1940-களிலும் 1950-களிலும், அமெரிக்கக் கண்காட்சி வளையங்களில் குட்டையாக, திரட்சியாக, தரையோடு ஒட்டினாற்போல் நிற்கும் ஹெர்ஃபோர்டுகளுக்கும் ஆங்கஸ்களுக்கும் பரிசு கொடுத்தார்கள். பரிசு பெற்ற காளைக்கு விலை ஏறியது. அதன் கன்றுகள் நாடெங்கும் பரவின. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் குள்ளத்தன்மைக்குக் காரணமான மரபணுவும் அவற்றோடு சேர்ந்து பரவி, மூச்சுத் திணறும் குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கிய பிறகே துறை விழித்துக்கொண்டது. பிறகு அளவுகோல் மறு எல்லைக்குத் தாவியது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பியப் பெருங்கண்டத்தின் உயரமான இனங்கள் வந்து சேர, 1980-கள் வரை உயரமே அழகு என்றாயிற்று; தீனியை நிரப்பக் கட்டுப்படியாகாத அளவுக்குப் பசுக்கள் பெருத்தன. இரு முறையும் நடுவர்கள் தவறான மனிதர்கள் அல்லர். உரித்த உடலோடும் ஈற்றுக் கொட்டிலோடும் தொடர்பே இல்லாத ஓர் அளவுகோலைக் கையில் வைத்திருந்தார்கள் என்பதுதான் சிக்கல்.

சரி, வளர்ப்பவர் எதைப் பார்த்து இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? அவருடைய நிலமும் வானிலையும் தீவனமும் முதலில்; வாங்குபவரின் அளவுகோல் அடுத்தபடி. இந்த இரண்டாவது பகுதியில்தான் நீங்கள் அவரை இருட்டில் நிறுத்துகிறீர்கள்.

முதல் பகுதியை எடுத்துக்கொள்வோம். வெப்பமும் உண்ணியும் மிகுந்த நிலத்தில் திமில் கொண்ட மாடுகளின் இரத்தம் ஓரளவாவது இல்லாமல் மந்தை நிலைக்காது. அவற்றின் வியர்வைச் சுரப்பிகள் பெரியவை. உரோமம் குட்டையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். உடல் தன்னளவில் உண்டாக்கும் வெப்பமும் குறைவு. உண்ணிகளை எதிர்க்கும் இயல்பும் கூடுதல். இந்தியாவின் கிர், ஓங்கோல், குசராத் மாடுகளைக் கொண்டு அமெரிக்காவில் பிராமன் இனத்தை உருவாக்கியதும், ஓங்கோலின் வழிவந்த நெல்லூர் பிரேசிலின் மேய்ச்சல் நிலங்களை நிறைத்ததும் இதனால்தான். வெப்பம் தாங்கும் இயல்பையும் இறைச்சிக் குணத்தையும் ஒன்றாகக் கட்டி நிறுத்தப் பலர் முயன்றிருக்கிறார்கள். டெக்சாஸில் எட்டில் மூன்று பங்கு பிராமனும் எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்னும் கொண்ட சாண்டா கெர்ட்ரூடிஸ் 1940-இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் யான் பொன்ஸ்மா என்ற விலங்கியல் அறிஞர், ஆப்பிரிக்கானர் மாடுகளோடு ஹெர்ஃபோர்டையும் ஷார்ட்ஹார்னையும் கலந்து பொன்ஸ்மாரா இனத்தை வளர்த்தெடுத்தார். கண்காட்சி அழகை ஒதுக்கி, பதிவு செய்யப்பட்ட எடைகளையும் ஈற்றுக் கணக்குகளையும் வைத்தே அவர் மாடுகளைக் கழித்தார்.

இப்போது உங்கள் பக்கம். திமில் மாட்டின் இறைச்சி சராசரியில் சற்றுக் கடினமானது என்பது உண்மையே. வெட்டிய பின் தசையைத் தானாகவே இளக்கும் நொதிகளைத் தடுத்து நிறுத்தும் கால்பாஸ்டாடின் என்ற புரதம் அவற்றில் கூடுதலாகச் செயல்படுவது இதற்கு முக்கியக் காரணம். ஆனால் சராசரியைக் காட்டி ஒவ்வொரு மாட்டின் விலையையும் ஒரே அளவில் வெட்டுவது எப்படி முறையாகும்? ஓர் இனத்துக்கும் இன்னோர் இனத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் போலவே, ஓர் இனத்துக்குள் மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாடும் பெரியது. 1990-களில் ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட இறைச்சித் தர முறை இதைச் சீராகக் கையாள்கிறது. திமிலின் உயரத்தை அங்கேயும் அளக்கிறார்கள். ஆனால் அது பல அளவுகளில் ஒன்று மட்டுமே. எலும்பின் முதிர்ச்சி, தசைக்குள் இழையோடும் கொழுப்பு, விலாக் கொழுப்பின் தடிமன், இறைச்சியின் அமிலநிலை, உரித்த உடலைத் தொங்கவிட்ட முறை, பதப்படுத்தி வைத்த நாள்கள் என அனைத்தையும் சேர்த்து, ஒவ்வொரு வெட்டுத் துண்டும் உண்பதற்கு எப்படி இருக்கும் என்று தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். வெப்ப நிலத்தில் வளர்ப்பவரிடம் திமிலைப் பார்த்தவுடன் விலையைக் குறைப்பது, வெயிலில் சாகும் மாட்டை வளர் அல்லது நட்டப்படு என்று சொல்வதற்கு ஒப்பாகும். மென்மையை அளந்து விலை கொடுத்தால், மென்மையான திமில் மாடுகளை அவரே தேர்ந்தெடுத்துப் பெருக்குவார். ஏனெனில் உரித்த உடலின் குணங்கள் பெற்றோரிடமிருந்து கன்றுக்கு நன்றாகவே இறங்குபவை.

இறைச்சி கடினமாக இருந்தால் பழி மாட்டின் மீதும் இனத்தின் மீதும் மட்டுமே விழுவது இன்னொரு குறை. கொழுப்பு மெல்லியதாக உள்ள சிறிய உடலை வெட்டியவுடன் மிக வேகமாகக் குளிரூட்டினால், தசை இறுகிச் சுருங்கி, இளம் மாட்டின் இறைச்சியும் தோல் போலாகிவிடும். மாடு மிரண்டு களைத்த நிலையில் வெட்டுக்குப் போனால், தசையில் சேமித்து வைத்த சர்க்கரை முன்பே தீர்ந்துபோய், இறைச்சியில் அமிலத்தன்மை போதிய அளவு உருவாகாது. நிறம் கறுத்து, விரைவில் கெட்டும் போகும். அத்தகைய இறைச்சிக்கு விலை பெரிதும் குறைகிறது. அந்தக் களைப்பு பல சமயம் வளர்ப்பவரின் தொழுவத்தில் நேர்வதில்லை. முன்பின் பழகாத மாடுகளை ஒரே பட்டியில் அடைத்து, இரவெல்லாம் முட்டிக்கொள்ள விட்ட ஏலக்கூடத்திலோ ஆலையின் காத்திருப்புப் பட்டியிலோ நேர்கிறது. அடிபட்டுக் கன்றிய இடங்களை வெட்டி எறியும் கணக்கும் இப்படித்தான். கைமாறிய பின் நேர்ந்த சேதத்தை விற்றவரின் தலையில் கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

உங்கள் அளவுகோல் எதுவென்று முன்கூட்டியே தெரியாமல் இனத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று சொன்னேன். அது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு மூன்று இடங்களின் முறைகளை ஒப்பிட்டாலே போதும். ஐரோப்பிய ஒன்றியம் 1981 முதல் பின்பற்றும் தர அட்டவணை, உரித்த உடலின் தசைத் திரட்சியை எழுத்துகளாலும் மேற்கொழுப்பை ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்களாலும் குறிக்கிறது. தசைக்குள் ஓடும் கொழுப்பை அது கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்க முறையில் தரப்பெயரைத் தீர்மானிப்பதில் அந்த உள்கொழுப்புக்கே முதலிடம். ஜப்பானிய முறை அதையே பன்னிரண்டு படிகளாகப் பிரித்து அளக்கிறது. ஆகவே தொடைகள் உருண்டு திரண்ட லிமோசினுக்கோ ஷாரொலேக்கோ முதல் அட்டவணையில் கிடைக்கும் சிறப்பு மற்ற இரண்டிலும் கிடைக்காது. நடுத்தரத் திரட்சியும் நிறைந்த உள்கொழுப்பும் கொண்ட ஆங்கஸுக்கு நிலைமை நேர்மாறு. இவற்றில் எது சரியான அளவுகோல் என்று வாதிட நான் வரவில்லை. உண்பவரின் விருப்பம் இடத்துக்கு இடம் வேறு. ஆனால் எந்த அளவுகோலால் அளக்கப் போகிறீர்கள் என்பதை, காளை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் அல்லவா?

தசைத் திரட்சியைப் பற்றிப் பேசும்போது, விலையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து இனத்தைப் பரிந்துரைப்பதன் ஆபத்தையும் குறிப்பிட வேண்டும். பெல்ஜியன் ப்ளூ இனத்தின் இரட்டைத் தசைக்குக் காரணம், தசை வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் மையோஸ்டாடின் மரபணுவில் உள்ள குறைபாடு என்று 1997-இல் கண்டறிந்தார்கள். ஆலைக்கு அந்த மாடு ஒரு வரம். உரித்த எடையும் அதில் எலும்பு நீக்கிய இறைச்சியின் பங்கும் மற்ற இனங்களைக் காட்டிலும் மிக அதிகம். ஆனால் தூய பெல்ஜியன் ப்ளூ பசுக்களில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சை மூலமே கன்று ஈனுகின்றன. அந்தச் செலவு, அந்தப் பசு மறுபடி சினைபிடிக்கத் தாமதமாகும் இழப்பு, கால்நடை மருத்துவர் எட்டாத தொலைவில் இருந்தால் தாயும் கன்றும் சேர்ந்தே போகும் அச்சம் ஆகிய எதுவும் ஆலையின் விலைச்சீட்டில் இடம்பெறுவதில்லை. பெரிய உடல் கொண்ட எல்லா இனங்களுக்கும் இது ஓரளவுக்குப் பொருந்தும். விற்பனைக்கு வருவது கன்று. ஆனால் ஆண்டு முழுதும் தீனி தின்பது தாய். தாயின் உடல் எடை கூடக் கூட அதைப் பராமரிக்க வேண்டிய தீவனமும் கூடும். கன்றின் எடை கூடும்போது கிலோ ஒன்றுக்கு நீங்கள் கொடுக்கும் விலையோ பெரும்பாலும் இறங்குகிறது. தலைக்கு எவ்வளவு கிடைத்தது என்று மட்டும் பார்ப்பவருக்குப் பெரிய கன்று இலாபமாகத் தோன்றும். ஒரு காணி மேய்ச்சல் எவ்வளவு தந்தது என்று பார்ப்பவருக்கு நடுத்தரப் பசுவின் நடுத்தரக் கன்று மேலாகப் படக்கூடும். இனச் சங்கங்கள் தங்கள் விளம்பரங்களில் வளர்ச்சி வேகத்தைப் பெரிய எழுத்திலும், முதிர்ந்த பசுவின் எடையையும் ஈற்று எளிமையையும் சிறிய எழுத்திலும் அச்சிடுவதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சங்கங்கள் விரும்பிப் பேசாத இன்னொன்று கலப்பு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹெர்ஃபோர்ட், ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் ஆகிய மூன்று இனங்களையும் கலந்து நடத்திய நீண்ட ஆய்வில், தாயும் கலப்பினமாக, கன்றும் கலப்பினமாக அமைந்தபோது, காளையோடு விடப்பட்ட ஒவ்வொரு பசுவுக்கும் கிடைத்த கன்று எடை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்தது. சினைபிடிக்கும் திறன், கன்றின் பிழைப்பு, பசுவின் ஆயுள் போன்ற, தேர்வினால் எளிதில் முன்னேற்ற முடியாத குணங்களிலேயே கலப்பின் பலன் மிகுதியாக வெளிப்படுகிறது. பெரிதாகக் கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும் இந்தப் பலனை விட்டுவிட்டு, தூய இனம் என்ற முத்திரைக்காக விற்பனை மந்தைகளையும் ஒரே இனமாக வைத்திருக்கத் தூண்டுவது வளர்ப்பவருக்கு உதவி அல்ல. தூய இனம் வேண்டும். கலப்புக்கு இரு பக்கமும் தரமான தூய மாடுகள் இருந்தால்தான் பலன் கிடைக்கும். ஆனால் தூய இனத்தின் இடம் பொலிகாளைப் பண்ணை என்பதைச் சங்கங்களே முன்னின்று சொல்லலாம்.

இனி எடைமேடைக்கு வருகிறேன். உயிர் எடை 500 கிலோ கொண்ட இரண்டு மாடுகளை எண்ணிப் பாருங்கள். தோல், தலை, குடல் ஆகியவற்றை நீக்கிய பின் நிற்கும் உரித்த எடை ஒன்றில் 52 விழுக்காடு, மற்றதில் 60 விழுக்காடு. முன்னது 260 கிலோ, பின்னது 300 கிலோ. உயிர் எடைக்கு ஒரே விலை கொடுத்தால், இரண்டாவது மாட்டை வளர்த்தவரின் 40 கிலோ இறைச்சி கணக்கில் வராமலே போகிறது. முதல் மாட்டை வளர்த்தவருக்கோ தம் இனத் தேர்வில் குறை இருப்பதே தெரிவதில்லை. ஆகவே உரித்த எடைக்கு விலை என்ற முறை அடிப்படையில் நல்லது. ஆனால் அங்கே வேறொரு கதவு திறந்துகொள்கிறது. உயிர் மாட்டை எடை போடும்போது விற்பவர் பக்கத்தில் நிற்கிறார்; உரித்த உடலை எடை போடும்போது அவர் அங்கே இருப்பதில்லை. சிறுநீரகக் கொழுப்பை நீக்குவதற்கு முன் எடை போட்டார்களா, பின்பா? சூடான உடலையா, குளிரூட்டி நீர் வற்றிய உடலையா? மேற்கொழுப்பைச் சீவியது எவ்வளவு? ஒரே பெயரில் வழங்கும் உரித்த எடை, ஆலைக்கு ஆலை வெவ்வேறாக இருந்தால், இரண்டு ஆலைகளின் விலையை ஒப்பிட்டு விற்பது இயலாத காரியமாகிவிடும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. உருகுவே நாட்டில் 2006 முதல் ஒவ்வொரு மாட்டுக்கும் தனி அடையாள எண் கட்டாயமாக்கப்பட்டது. அங்குள்ள தேசிய இறைச்சி நிறுவனம், ஆலைகளின் எடைமேடைகளோடு தானாகப் பதிவு செய்யும் கருவிகளை இணைத்தது. மாடு உயிரோடு நுழைவது முதல் எலும்பு நீக்கிய இறைச்சியாக வெளியேறுவது வரை, பல கட்டங்களில் எடை பதிவாகிறது. விற்றவரும் தம் மாட்டின் எடையைப் பார்க்க முடிகிறது. இறைச்சி ஏற்றுமதியை நம்பி வாழும் அந்நாட்டின் ஆலைகள் இதனால் நொடித்துப் போய்விடவில்லை. மாறாக, வெளிநாட்டு வாங்குவோரிடம் எங்கள் இறைச்சி எந்தப் பண்ணையில் பிறந்தது என்று காட்டும் வலிமை அவற்றுக்குக் கிடைத்தது.

உயிர் எடைக்கு விற்கும் இடங்களிலும் தெளிவு தேவைப்படுகிறது. தீவனமும் தண்ணீரும் இல்லாமல் ஒரு நாள் முழுதும் பயணப்பட்ட மாடு, தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழக்கக் கூடும். முதலில் குறைவது வயிற்றில் உள்ள தீனியும் நீரும்; நேரம் நீண்டால் தசையின் நீரும் வற்றத் தொடங்கும். எடை எங்கே, எப்போது போடப்படும், வண்டி தாமதமானால் இழப்பு யாரைச் சேரும், எடையில் இத்தனை விழுக்காடு கழிவு என்று தனியாகப் பிடிப்பது உண்டா என்பவை எல்லாம் மாடு வண்டியில் ஏறுவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பயணத்தில் இயல்பாகவே எடை குறைந்த மாட்டுக்கு, எடைமேடையில் இன்னொரு முறை கழிவு பிடிப்பது இரட்டைக் கழிவு.

வாங்குவோர் சிலராகச் சுருங்கிவிட்ட சந்தையில் இவை எல்லாம் இன்னும் கடுமையாகின்றன. அமெரிக்காவில் கொழுக்க வைத்த மாடுகளை வாங்கி வெட்டுவதில் நான்கு நிறுவனங்களின் பங்கு 80 விழுக்காட்டுக்கும் மேல். 2019 ஆகஸ்டில் கான்சாஸ் மாநிலத்தின் ஹால்கம் என்னும் ஊரில் ஒரே ஓர் ஆலை தீப்பிடித்து மூடப்பட்டபோது, நாடெங்கும் மாட்டின் விலை இறங்கியது. அதே வாரங்களில் இறைச்சியின் மொத்த விலை ஏறியது. சதி ஏதும் இல்லாமலே, வெட்டும் இடம் குறைந்தால் இப்படி நடக்கும் என்று பொருளியல் விளக்கலாம். அந்த விளக்கம் சரியாகவே இருக்கட்டும். அந்தக் காலத்தில் கன்று விற்றவர், தம் இனத் தேர்வில்தான் ஏதோ பிழை என்று எண்ணிக் காளையை மாற்றியிருந்தால், அந்தத் தவறான முடிவுக்கு யார் பொறுப்பு? சந்தையின் நெருக்கடியால் குறைந்த விலையையும் மாட்டின் குறையால் குறைந்த விலையையும் பிரித்துக் காட்டும் சீட்டு அவர் கையில் இருந்திருக்க வேண்டும். அந்நாட்டில் 1921-இல் ஆலைகளையும் மாட்டுச் சந்தைகளையும் நெறிப்படுத்தத் தனிச்சட்டம் வந்தது. பெரிய ஆலைகள் தாங்கள் வாங்கும் விலைகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1999-இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2017-இல் வெளியிட்ட மாட்டுச் சந்தை ஆய்வும், ஆலைகள் தங்கள் விலை அட்டவணைகளை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும் என்றே பரிந்துரைத்தது. சட்டம் வந்து கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்காமல் நீங்களே செய்தால் பெருமை உங்களுக்கு.

எங்கள் தரப்பில் செய்ய வேண்டியவையும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு உங்களிடம் மட்டும் கேட்பது முறையாகாது. கன்றுகளை இளம் வயதிலேயே காயடித்து, கொம்பு முளையைத் தீய்த்து, தடுப்பூசி போட்டு, விற்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பால்குடி மறக்கச் செய்து தீவனத் தொட்டிக்குப் பழக்கிக் கொண்டுவந்தால், வாங்குபவருக்கு நோய்ச் செலவு குறையும். அதற்கான கூடுதல் விலையைக் கேட்கும் உரிமையும் எங்களுக்குப் பிறக்கும். இரண்டும் மூன்றுமாக மாடு வைத்திருப்பவர்கள் ஒரே வகைக் காளையை ஒப்புக்கொண்டு, ஈற்றுப் பருவத்தையும் ஒன்றாக அமைத்து, ஒத்த எடையும் ஒத்த வாகும் கொண்ட கன்றுகளைக் கூட்டாகச் சேர்த்து விற்றால், வண்டி நிறைய ஒரே தரத்தில் வாங்கும் வசதிக்காக நீங்களும் கூடுதலாகக் கொடுப்பீர்கள். இது அவரவர் தனியாகச் செய்ய இயலாதது. ஏலக்கூட நிர்வாகத்தினர் கன்றுகளைத் தரம் பிரித்து ஒன்றுசேர்த்து விற்கும் நாள்களை முன்கூட்டியே அறிவித்தால் தொடங்கிவிடலாம். சிறு மந்தைக்காரரின் ஒற்றை மாட்டைக் கடைசி நேரத்தில், வாங்குவோர் பாதிப்பேர் கிளம்பிய பிறகு ஏலம் விடும் வழக்கத்தையும் அப்போதே கைவிடலாம். ஏல வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதற்குச் செலவே இல்லை.

ஆகவே, ஆலைகளிடம் நான் வேண்டுவது இது. உங்கள் விலை அட்டவணையை, எடை வரம்பு, வயது, கொழுப்பு, தரம், கழிவு ஆகியவற்றோடு, விற்பனைக்கு முன்பே வெளியிடுங்கள். அட்டவணையை மாற்றுவதானால், வளர்ப்பில் இருக்கும் மாடுகளுக்குப் பழைய அட்டவணையே பொருந்தும்படி போதிய கால இடைவெளி கொடுங்கள். உரித்த எடை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதை ஒரு பத்தியில் எழுதி எடைமேடையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியே, உரித்த எடை, உரித்த விழுக்காடு, கொழுப்பின் தடிமன், தரம், வெட்டி எறிந்த பகுதிகளும் காரணமும் குறித்த சீட்டை விற்றவருக்குக் கொடுங்கள். கன்றாக விற்கப்பட்டு இரண்டு மூன்று கை மாறி வந்த மாடாக இருந்தால், காதுத் தோட்டில் உள்ள எண்ணைக் கொண்டு, அதைப் பிறப்பித்து வளர்த்தவருக்கும் அந்தச் சீட்டின் நகல் போய்ச் சேர வழி செய்யுங்கள். இனத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். விடை அவருக்கே கிடைக்காமல் இடைத்தரகரோடு நின்றுவிட்டால், இத்தனை அளவைகளும் எடுத்து என்ன பயன்?

இனச் சங்கங்களிடம் வேண்டுவது ஒன்று. ஆலைகள் தரும் அந்தச் சீட்டுகளைத் திரட்டி, எந்தக் காளையின் கன்றுகள் எப்படி வந்தன என்று காளைவாரியாக வெளியிடுங்கள். வளர்ச்சி எடையோடு, முதல் ஈற்றுக் கிடாரிகளின் ஈற்றுச் சிரமம், முதிர்ந்த பசுவின் எடை, மகள்கள் மந்தையில் நிலைத்த ஆண்டுகள் ஆகியவையும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தளவில் இருக்கட்டும். உங்கள் இனத்துக்குச் சாதகமில்லாத எண்களையும் சேர்த்தே அச்சிடுங்கள். கண்காட்சிப் பதக்கங்களின் பட்டியலை வேண்டுமானால் பின்னிணைப்பில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த பொலிகாளை விற்பனைப் பருவம் தொடங்குவதற்கு முன்பாக இந்த அட்டவணைகளும் பட்டியல்களும் எங்கள் கைக்கு வந்தால், அவற்றைப் பார்த்துக் காளை வாங்குவோம். அந்தக் காளையின் கன்றுகள் உங்கள் எடைமேடைக்கு வரும்போது, இரு தரப்பும் ஒரே தாளை வைத்துக்கொண்டு விலை பேசலாம். உங்கள் மறுமொழியையும் இதே போல எல்லோரும் படிக்கும்படி எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இறைச்சி மாடு வளர்க்கும் சிறு மந்தைக்காரர் ஒருவர்